காத்திருப்போர் கச்சேரி

"இன்னும் கொஞ்சம் கழிச்சு எடுத்திருக்கக் கூடாதாம்மா?" என்று தொலைபேசியில் ஒரு குரல் கெஞ்சியது.

குடிநீர்க் குழாய்ப் புகார்ப் பிரிவில் ஏச்சு வாங்கியே தலை நரைத்தவள் பெரியக்கா. ஏன் இவ்வளவு நேரம் காக்கவைத்தாய் என்று ஊரே அவளைத் திட்டியிருக்கிறது. ஏன் இவ்வளவு சீக்கிரம் எடுத்தாய் என்று திட்டு வாங்குவது அன்றுதான் முதல் தடவை. அதிர்ந்துபோய் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே ஆஹா, மாப்பிள்ளை மிடுக்கோடு உட்கார்ந்திருந்தார்.

ஆஹா என்பது ஆபீஸ் வைத்த பெயர். தொலைபேசி வரிசையைக் கவனிக்கும் குமாஸ்தா அவர். சாஸ்திரிய சங்கீதத்தில் அபூர்வ அழகுள்ளவற்றைத் தேடிப்பிடித்து அடுத்தவர் காதில் சேர்ப்பதே பிறவிப் பயன் என்றிருந்தார். சரக்கு முதல் தரம், வாங்கத்தான் ஆளில்லை. மச்சினன் அவரைத் தெருமுனையில் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுவான். அவர் பாட்டுப்பெட்டியைத் தொட்டதுமே மனைவிக்கு அடுப்பில் எதையோ வைத்த ஞாபகம் வந்துவிடும். "போகாதே, இதோ வருது, இப்ப வருது பார், ஆஹா, கேட்டியா?" என்று அவரும் சமையலறை வரை பின்னாலேயே போவார். கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொள்ளும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கதவிடம் சொல்லிவிட்டுத் திரும்புவார்.

இப்படியிருந்தவரிடம்தான் மேலாளர் அந்த வேலையைக் கொடுத்தார். வரிசையில் காத்திருப்பவர்கள் வெறும் நிசப்தத்தைக் கேட்டு வெறுத்துப்போய், நேரில் வந்து கத்துகிறார்கள். காதுக்கு எதையாவது போட்டு வையுங்கள் என்றார். ஆஹாவுக்குக் கரும்பு தின்னக் கூலி. வந்தவன் கடையைவிட்டு எழுந்து போகமுடியாத வியாபாரம் யாருக்கு வாய்க்கும்? போனை வைத்தால் வரிசை போய்விடுமே.

பெட்டியைக் குடைந்து இருப்பதிலேயே சிறந்ததைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தன் குரலிலேயே ஒரு சிபாரிசு. "அடுத்து வருவது வயலின் ஆலாபனை. பாதியில் ஓரிடத்தில் வில் தயங்கும், அழப்போகிறவள் சட்டென்று சிரித்துவிட்டதுபோல. அந்த இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள்." இவ்வளவுதான். பாட்டுக்கு நடுநடுவே பேச அந்த எந்திரத்தில் வசதியில்லை. அது ஒன்றுதான் அவருக்குக் குறை.

நேரில் வந்து கத்தும் கூட்டம் நின்றுபோனது. மேலாளர் முதுகில் தட்டினார். வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

பெரியக்காவும் மற்ற பெண்களும் எடுக்கிற அழைப்பெல்லாம் ஒரே தினுசாக இருந்தது. புகார் கிடக்கட்டும், அந்தத் தயங்குகிற இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். குழாய் நன்றாக இருக்கிறவர்களும் கூப்பிட்டார்கள். ஒரு கிழவர் மதியச் சாப்பாட்டையே போனை மடியில் வைத்துக்கொண்டு முடித்தார்.

மேலாளர் ஆஹாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வரிசை குறையவில்லையென்றால் நீரேற்று நிலையத்துக்கு மாற்றல் என்றார். அங்கே மோட்டார்கள் போடும் இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கிருந்து ஓய்வு பெற்றவர்கள் பேரன் பேத்திகளோடு கை ஜாடையில்தான் பேசுகிறார்கள். காது போனால் ஆஹாவிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

முதலில் நீளமானவற்றை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னதாகப் போட்டார். முடிந்ததும் ஜனங்கள் போனை வைத்துவிட்டு மறுபடி அடித்தார்கள். வரிசை இரட்டித்தது.

சரி, அழகே வேண்டாம் என்று யாரோ கற்றுக்குட்டி அறுத்த ஆரம்பப் பாடத்தைப் போட்டார். இவ்வளவு மட்டமான ரசனை யாருடையது என்று கேட்டே கூப்பிட ஆரம்பித்தார்கள். சங்கீதம் குறித்த புகார்களுக்குத் தனி வரிசை வைக்கவேண்டி வந்தது. விதிப்படி அதிலும் சங்கீதம் போட்டார்கள்.

ஒருநாள் அடியோடு நிறுத்தியும் பார்த்தார்கள். நேரில் வந்த கூட்டத்தில் வாசற்கதவின் கீல் கழன்றது.

கடைசியில் ஆஹாவே ஒரு யோசனை சொன்னார். புகார் வந்ததும் குழாய் மேஸ்திரி போய்ப் பார்க்கட்டும். குழாயில் கோளாறு இல்லையென்றால் அந்த எண்ணை வரிசைக்குள்ளேயே விடக்கூடாது. கல்லாவில் உட்கார்ந்தவன் போல மேலாளர் யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். அறிவிப்பும் ஆஹாவின் குரலிலேயே ஒலித்தது.

அவ்வளவுதான், பொய்ப் புகார் பொட்டென்று நின்றது. ஆஹா மூச்சு விட்டார். ஆனால் வரிசை மட்டும் ஒரு ஆள்கூடக் குறையவில்லை.

வந்த புகாரெல்லாம் இப்போது நிஜம். குளியலறை, சமையலறை, மாடிப்படி என்று தண்ணீர் ஒழுகாத வீடில்லை. பள்ளத் தெருக்களில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வாளி விற்கிறவன் மட்டும் புதுக்கடை போட்டான். முதலுக்கே மோசம் வந்ததென்று, துறையின் தலைவர் முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு ஆபீஸுக்குள் நுழைந்தார். மேலாளரும் ஆஹாவும் எழுந்து நின்றார்கள். மாற்றல் உத்தரவு கையெழுத்துக்காக மேஜைமேல் இருந்தது.

"ஊர்ல இருக்கற பைப்பு பூரா ஒரே நேரத்துல எப்படிய்யா உடையும்?" என்றார் தலைவர்.

சொட்டச் சொட்ட வந்து நின்ற மேஸ்திரி, "உடையலைங்கய்யா. எல்லாம் ஸ்பேனர் போட்டுக் கழட்டினது" என்றார்.

"யாரு கழட்டினது?"

"வீட்டுக்காரங்களேதான். நட்டை லேசா தளர்த்திட்டு போன் பண்றாங்க. பொய்ப் புகார்னா லைன் கட் ஆயிடுமே."

தலைவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "ஒரு வயலினுக்காகவா?"

"அந்தத் தயங்கற இடத்துக்காகங்க."

ஆஹா கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வேலை போகிறது, காது போகப்போகிறது, ஆனால் ஒரு ஊரே தன் சிபாரிசைக் கேட்டுக் குழாயைக் கழற்றியிருக்கிறது. அவரையும் மீறி "ஆஹா" என்று வாயில் வந்துவிட்டது. தலைவர் பார்த்த பார்வையில் மேலாளர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

முதல் குழாயைக் கழற்றிய வீடு எது, அந்த வீட்டை வைத்துத்தான் மற்றவர்களுக்குப் பாடம் புகட்டவேண்டும் என்று தலைவர் கேட்டார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். பிறகு ஆஹாவைப் பார்த்தார்.

"சார் வீடுதாங்க. அந்தம்மாகிட்டயிருந்துதான் அக்கம்பக்கம் பூரா கத்துக்கிச்சு."

ஆஹாவின் கை உத்தரவுக் காகிதத்தின்மேல் ஊன்றியது. "இருக்கவே இருக்காது மேஸ்திரி. அவளுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். அதுவுமில்லாம அதே வயலின் வீட்லயே இருக்கு. தினம் நானே போட்டுக் காட்டறேன். அதுக்கு எதுக்குய்யா அவ குழாயைக் கழட்டணும்?"

மேஸ்திரி ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

"நானும் அதைத்தாங்க கேட்டேன். வீட்ல போட்டா அவரு பேச்சுதான் கேக்குது, போன்லதான் பாட்டு கேக்குதுன்னாங்க."