ஆக்லாந்துக்கு இருபத்துமூன்று மணி நேரம்

என் மனைவி அம்சம் போராட்டத்துக்குச் செய்த துரோகங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன்.

ஒன்று: கடைமடைக்குத் தண்ணீர் கேட்டுப் பட்டுக்கோட்டை சாலையை மறித்தேன். மறித்த பஸ்ஸுக்குள் இருந்தவள், வாய்க்கால் கரை வழியே ஒரு குறுக்குப் பாதை உண்டென்று டிரைவருக்குக் காட்டிக்கொடுத்தாள்.

இரண்டு: என் உண்ணாவிரதப் பந்தலுக்கு எதிரே மகளிர் குழு சார்பில் வடை போட்டாள்.

மூன்று: கைதாகிக் கல்யாண மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்தேன். பார்க்க வந்தவள் மண்டபம் காற்றோட்டமாக இருக்கிறதென்று, மகள் மதிவதனியின் கல்யாணத்துக்கு அதையே பேசி முடித்துவிட்டுப் போனாள்.

நான்காவதுதான் ஆக்லாந்து.

கல்யாணமாகி நியூசிலாந்து போன மதிவதனிக்கு முதல் பிரசவம். எங்கள் இருவரையும் வரச் சொன்னாள். எனக்கும் ஆசைதான். தோளில் தூக்கி மறியலுக்குக் கொண்டுபோன பிள்ளை. அவள் பிள்ளையைத் தூக்க வேண்டாமா? விசாத் தாளில்கூட, சும்மா சம்பிரதாயத்துக்கு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஆனால் கூப்பிட்டதும் கிளம்புகிறவன் போராளி அல்ல. எங்கள் வழக்கம் வேறு. முதலில் மறுக்க வேண்டும். எதிர்த்தரப்பு கெஞ்ச வேண்டும். மூன்றாம் சுற்றில் இணங்கிப் பழச்சாறு குடிக்க வேண்டும்.

வரமாட்டேன் என்று அறிவித்தேன். காரணம் வேண்டுமே? தூரத்தைப் பிடித்தேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஆக்லாந்து. பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி ஒரு மணிக்கு ஏறினால், இறங்கும்போது அன்று ராத்திரி பன்னிரண்டு.

“இருபத்துமூணு மணி நேரம். என் முட்டி தாங்குமா?”

“அங்க கடிகாரம் நம்மளவிட ஏழரை மணி முந்தி ஓடுதுங்க. அதையும் சேத்துக் கூட்டிட்டீங்க.”

“ஏழரை எனக்குக் கல்யாணத்தன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. நான் வரல.”

“சரிங்க. முடியலன்னா விடுங்க.”

அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகளில், கோரிக்கையை முதல் சுற்றிலேயே முழுதாக ஏற்ற நிர்வாகத்தை நான் பார்த்ததில்லை. மறுப்பது எப்படி என்று துண்டறிக்கைகளில் நிறையப் படித்திருக்கிறேன். ஏற்றுக்கொண்டால் என்ன செய்வதென்று எதிலும் போடவில்லை.

இரண்டாம் சுற்றுக்குக் காத்திருந்தேன். சாப்பாட்டைக் குறைத்தேன். ரசம் மிச்சமானதைப் பற்றி மட்டும் கேட்டாள். மகள் போனில் வந்து, என் கொள்கையை மதிப்பதாகச் சொன்னாள். என் கொள்கை முட்டிவலி என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஒருநாள் அம்சம் யாரிடமோ இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது என்று போனில் சொன்னது காதில் விழுந்தது. என் மனம் இளகியது. என்ன இருந்தாலும் நல்லவள். மறுநாளே தஞ்சாவூர் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன்.

நான் தலைவராக இருக்கும் விவசாயிகள் சங்கத்தில் உறுப்பினர் யார் கடல் கடந்து போனாலும், கூட்டத்தில் பெயர் வாசித்துத் துண்டு போர்த்தி வழியனுப்புவோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தோழர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி என்று தொடங்கும் ஏற்புரை தயார்.

செயலாளர் மதிவாணன் சபையின் முன் எழுந்தார். முதல் பெயர் அம்சம். கைதட்டல். நான் பாதி எழுந்துவிட்டேன்.

“துணைக்குப் போறவங்க, நம்ம தலைவரோட மாமியார் கமலாம்பாள். வயசு எண்பத்தொண்ணு.”