ஓணான் வெயில் காய்ந்த நேரம்

எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது பொறுப்பற்ற செயல். மழை எப்படியும் வரும். எறும்புகள் மேடேறுமா என்பதுதான் கேள்வி. நடுவில் ஓர் அலுவலகம் இருக்கிறது.

ஒரு காட்டில், பள்ளத்து வளையொன்றில் நான்காயிரம் முட்டைகள் இருந்தன. மேற்கே இடி கேட்டது. மாலைக்குள் எல்லாம் மேட்டுக்குப் போயாக வேண்டும். ஒரு தடவைக்கு நூறு கிளம்பும். அவை சேர்ந்ததும் ஓணான் இலையில் ரசீது கொண்டுவரும். வந்தால் அடுத்த நூறு. குறித்த நேரத்தில் வராவிட்டால் பாதையில் நெரிசல் என்று பொருள். நூறை ஒன்றாகக் குறைக்க வேண்டும். கணினி வலையமைப்புகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆகவே எறும்புகளை மட்டும் பழிக்கலாகாது.

அன்று இரண்டாவது ரசீது வரவில்லை. மேற்பார்வையாளர் கோமதி நூறை ஒன்றாக்கினாள்.

சற்று நேரத்தில் ஓணான் ஆடி அசைந்து வந்தது.

“நூறும் பத்திரமா சேந்துடுச்சு. பாதையில ஈ காக்கா இல்ல. பாறை மேல நல்ல வெயில், கொஞ்சம் படுத்துட்டேன்.”

“அப்ப நெரிசலே இல்ல, இவன் தூங்கினதுதான்,” என்றாள் சுமைக்காரி செவ்வந்தி. “பழையபடி நூறே அனுப்பிடலாம் மேடம். எங்க அறை முட்டை இன்னும் ஒண்ணுகூட ஏறல.”

“குறைக்கறதுக்கு என் சந்தேகம் போதும். கூட்டறதுக்குக் குழு வேணும்.”

“மழை வருது மேடம்!”

“அதையும் விண்ணப்பத்துல எழுது.”

எழுதினாள், மூன்று படிவங்களில். தவறான தயக்கத்திலிருந்து விரைந்து மீளும் வழிகளை ஆராயும் குழு உடனே அமைந்தது. அந்த வேகத்தில் குறை சொல்ல முடியாது. வேலையின்றி நின்ற தொண்ணூற்றொன்பது சுமைக்காரிகளும் அதன் உறுப்பினர்கள். பாதை காலிதானா என்று நேரில் பார்க்க எல்லோரும் பாதையில் ஏறினார்கள். நடுவழியில் நின்று அகலத்தை அளந்தார்கள். ஒற்றை முட்டையோடு போனவள் அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

கோமதி எட்டிப் பார்த்தாள்.

“நெரிசல்னு அப்பவே சொன்னேனா இல்லியா?”

கூட்டத்தின் நடுவில் நின்ற செவ்வந்தியும் திரும்பிப் பார்த்தாள். நெரிசல்தான்.

மழை பெய்தது. குழுவின் அறிக்கை நனையாமல் மேட்டை அடைந்தது. ஓணான் அதற்கு உடனே ரசீது கொடுத்தது. மேட்டில் முட்டைகள் இருநூறு, வழியில் ஒன்று. செவ்வந்தியின் அறை முட்டைகள் பள்ளத்தில் இருந்தன.

நீதி: தப்பான முடிவைத் திருத்த ஒரு குழு போடுங்கள், அது வேலையை முடிக்கும்போது முடிவு சரியாகியிருக்கும்.