வராததைத் தள்ளிப்போட்ட கதை

மாதவிடாய் விஷயத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஒரே பெண் இந்தச் செஞ்சி வட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அதுவும் கோவில் படிக்கட்டில், பட்டுப்புடவையோடு, மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில்.

அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் வர வேண்டியது வரவில்லை. முகவாயில் முடி மட்டும் தவறாமல் வந்தது. தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு, "சினைப்பையில நீர்க்கட்டி. பி.சி.ஓ.எஸ். வெயிட்ட குறைங்க, தினம் நடங்க. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்றார். (நீர்க்கட்டிக்கு மாப்பிள்ளை எப்படி மருந்தாவார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்றும் அவர் எழுதித் தரவில்லை.)

வீட்டில் சொல்லவில்லை. அம்மா மும்முரமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தால் அழுதே ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால் நானே ஒரு தேதி வைத்துக்கொண்டு, மாதம் பிறந்ததும் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு படுத்துவிடுவேன். மூன்று நாள் சமையலறைப் பக்கம் போக வேண்டாம். காபி படுக்கைக்கே வரும். நிஜமாக வந்த காலத்தில்கூட நான் அவ்வளவு நன்றாகத் துடித்ததில்லை. நைனாவைப் பற்றி, அதாவது அப்பாவைப் பற்றி, பயமே இல்லை. கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விற்பார். வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தாலே வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுவார்.

அனந்தபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சிங்கவரம் மலைக்கோவிலில் வைத்துப் பெண் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் குறித்த நாள் சரியாக என் பொய்த் தேதியில் வந்து விழுந்தது.

"அன்னிக்கு உனக்கு ஆவாதேடி" என்று பதறிய அம்மா, மருந்துக்கடையில் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கி வந்தாள். காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் நம் பெண்கள் விழுங்குவார்களே, அது. விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். சில நாள் விழுங்கினேன். பிறகு என் அறிவு வேலை செய்ய ஆரம்பித்தது. வராத ஒன்றை எதற்குத் தள்ளிப்போட வேண்டும்? மிச்சத்தை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, கொல்லை முருங்கை மரத்தடியில் துப்பினேன்.

அந்த மாத்திரையை நிறுத்தினால் வந்துவிடும், வராதவர்களுக்கு வரவழைக்கவும் அதைத்தான் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. (நான் விலங்கியல் பட்டதாரி என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.)

சிங்கவரத்துப் படியில் பாதி ஏறியிருப்போம். அத்தனை மாதத்துக்கும் சேர்த்து வந்தது. மாம்பழக் கலர் புடவை வேறு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா, கால் வலிக்குதா?" என்றார் தேங்காய்த் தட்டோடு நின்ற நைனா.

"எழுந்திருடி, மேல அவங்க காத்துனு இருக்காங்க" என்றாள் அம்மா.

"முடியாதும்மா. வந்துடுச்சு."

"மாத்திரை போட்டுமா?" என்று அம்மா தலையில் கைவைத்தாள். நைனா உடனே எதிர்மலையை ஆராயத் தொடங்கினார்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவே இறங்கி வந்துவிட்டார். பின்னால் அவருடைய மூத்த மருமகள் பழப்பையோடு வந்தாள். அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைக் காதில் சொன்னாள். அந்தம்மா முகம் சுளிப்பார் என்று பார்த்தால், மலர்ந்துவிட்டது.

"அதுக்கு இன்னா இப்போ? தேதி தவறாம வருதுன்னா உடம்பு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். இதோ இவளும்தான் இருக்கா. ரெண்டு மாசம் மூணு மாசம்னு தள்ளினே போவுது. வயித்துல ஒன்னும் தங்கல. முன்னமே தெரிஞ்சிருந்தா கட்டியே இருக்க மாட்டோம்."

மருமகள் பழப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அந்த நிமிடம் நான் வீராங்கனையானேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இடுப்பு வலியில் உயிர் போயிற்று, வாய் தன் பாட்டுக்குப் பேசிவிட்டது.

"எனக்கும் தவறாமல்லாம் வராதுங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் வருது. நீர்க்கட்டி இருக்குது. மாசாமாசம் வந்ததெல்லாம் சும்மா."

"சும்மாவா?" என்றாள் அம்மா. "அப்போ நான் போட்ட காபி?"

அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கீழே இறங்கும்போது அந்த மருமகள் மட்டும் ஒரு ஆரஞ்சை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். நைனா தோளில் இருந்த துண்டை எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே நீட்டினார். இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

அடுத்த வாரம் அம்மாவே என்னை அதே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். "மாப்பிள்ளை இல்லாத மருந்தா எழுதுங்க" என்று இந்தமுறை கேட்டேவிட்டேன். இப்போது தினமும் கோட்டை வரை நடக்கிறேன், டாக்டர் சொன்ன மாத்திரையை நிஜமாகவே விழுங்குகிறேன். முகவாய் முடிக்கு மாதாமாதம் பியூட்டி பார்லர். வர வேண்டியது சில மாதம் வரும், சில மாதம் வராது. யாருக்கும் நடித்துக் காட்டுவதில்லை. அதனால் காபியும் நானேதான் போட்டுக்கொள்கிறேன்.

செருப்பைத் தேடிய நைனாவுக்குத்தான் வாய் நீண்டுவிட்டது. மழை தவறும் வருடங்களில் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போன் போடுவார். "இன்னா, மேகத்துக்கு நாலு நாளு மாத்திரை குடுத்து நிறுத்திப் பாக்கலாமா?"

"மாத்திரை எதுக்கு?" என்பாள் அம்மா. "சிங்கவரத்துல பொண்ணு பாக்க ஏற்பாடு பண்ணுங்க. தன்னால கொட்டும்."