ஏழு முழச் சுருளும் என் பெண்ணின் கல்யாணமும்

லிங்கன் பேராலயத்தில் இறைபணி செய்யும் மதிப்பிற்குரிய மைத்துனர் குருவானவர் இல்பர்ட் அவர்கள் சமூகத்துக்கு, ஆஷ்ஹோம் ஊர் ஹேமோ தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை சபீனா, மகள் அமீசியா, உழவு எருது இரண்டு, எல்லோரும் கடவுள் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். என் மானத்தைத் தவிர வீட்டில் மற்றதெல்லாம் சுகம். தங்கள் மூட்டுவலி குறைந்ததா என்று அறிய ஆசை. குறையாவிட்டாலும் இதைப் படித்து முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் எங்கள் ஊர்ச் சாமியார். எழுத்து அங்கங்கே கோணிக்கொண்டு போனால் அது அவர் சிரித்த இடம்.

இத்தனை நாள் 'ஹேமோ டி மார்வில்' என்று கடிதம் வரும், இப்போது என்ன மொட்டையாக ஹேமோ என்று கேட்பீர்கள். எல்லாம் அந்தச் சுருளால் வந்த வினை. போன வருடம் உங்களுக்கு ஒரு நகல் அனுப்பினேனே, ஏழு முழத்தில், மடத்துத் தலைவரின் முத்திரையோடு, அதே சுருள்தான். எழுதியவர் மடத்துத் துறவி ஆங்கெட்டில். மூன்று பீப்பாய் விலாங்கு மீன் கொடுத்து எழுதச் சொன்னேன். அவர் மீனை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆதாம் வரைக்கும் போகட்டுமா?" என்று கேட்டார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். உங்கள் தங்கை உள்ளேயிருந்து, "ஆதாம் வரைக்கும் போனா நம்ம பன்னி மேய்க்கிறவனும் பங்காளி ஆயிடுவான், பரவாயில்லையா?" என்று குரல் கொடுத்தாள். அதனால் ஆதாமை விட்டுவிட்டோம். வில்லியம் மன்னரோடு கடல் கடந்து வந்த மார்வில் பிரபுவில் தொடங்கி, அவர் பேரன் ரானுல்ஃப் பிரபு, அவருடைய இளைய மகன் சைமன், சைமனின் மகன் ஆஸ்பர்ட், ஆஸ்பர்ட்டின் மகன் அடியேன் என்று கிடுகிடுவென்று வந்து முடித்தார். சைமன் என் தாத்தா என்பது சத்தியம். அவர் மார்வில் மாளிகையில் வளர்ந்தார் என்பதும் ஊரறிந்தது. நடுவில் 'மகன்' என்ற ஒரு சொல் மட்டும் மூன்றாவது பீப்பாய்க்காக ஆங்கெட்டில் சேர்த்தது.

அது வந்த நாளிலிருந்து நான் கொஞ்சம் ஆடிவிட்டேன் மச்சான், ஒப்புக்கொள்கிறேன். வாசலுக்கு மேலே கேடயம் வரைந்து மாட்டினேன். பிரபுக்கள் மேடையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்களாம் என்று கேள்விப்பட்டு, நம் கூடத்திலும் ஒரு மேடை போட்டேன். கூரை தாழ்வு என்பதை மறந்துவிட்டேன். எழுந்திருக்கும்போதெல்லாம் உத்தரம் மண்டையில் இடித்தது. "பிரபு, தலை பத்திரம்" என்று வேலைக்காரி சொல்லும்போது அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதெல்லாம் எனக்காகவா செய்தேன்? அமீசியாவுக்காக. குதிரைவீரர் ஃபுல்க்கின் மகன் டுரூவும் இவளும் அறுவடைத் திருவிழாவிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பையன் தங்கம். அவன் அப்பா ஃபுல்க் மட்டும், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. வம்சம் என்ன?" என்று கேட்டுவிட்டார். வம்சம் கேட்டால் எடுத்து விரிக்க ஏழு முழம் இருக்கும்போது எனக்கென்ன பயம்?

நிச்சயதார்த்த விருந்தில் துறவி ஆங்கெட்டில் தானே எழுந்து நின்று சுருளை வாசித்தார். விலாங்கு மீன் பணியாரம் ஆறிப்போகும்வரை வாசித்தார். "ரானுல்ஃப் பிரபுவின் இளைய மகன் சைமன்" என்ற இடம் வந்ததும் ஃபுல்க் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "கொஞ்சம் நிறுத்துங்க. என் தாத்தாவைப் பெத்தவரும் அதே ரானுல்ஃப் பிரபுவோட மகள் வயித்துப் பேரன்... இல்ல இல்ல, என் பாட்டி ரானுல்ஃப் பிரபுவோட சொந்த மகள்" என்று விரல் விட்டு எண்ணினார். டுரூவுக்கும் ரானுல்ஃப் நாலாம் தலைமுறை, அமீசியாவுக்கும் நாலாம் தலைமுறை. நாலு தலைமுறைக்குள் ஒரே ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதும், கட்டினாலும் செல்லாது என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்க வாங்கிய வம்சமே மாப்பிள்ளையை அடித்து விரட்டியது. அமீசியா எழுந்து வெளியே போனாள். அவள் அழுத அழுகையில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை, ஆங்கெட்டிலைத் தவிர.

மறுநாள் ஃபுல்க் என் தோளில் கைபோட்டு வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "சம்பந்தி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. போப்பாண்டவர்கிட்ட விலக்கு கேட்டா ரெண்டு வருஷம் இழுக்கும். அதுக்குள்ள பசங்க வாடிப் போயிடும். இன்னொரு வழி இருக்கு. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆயரோட திருச்சபை நீதிமன்றத்துல போய், எனக்கும் மார்வில் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டாப் போதும்" என்றார். "யார் பண்றது?" என்றேன். "நான் பண்ணினா யார் நம்புவா? என் பாட்டி கல்லறையே மார்வில் கோவில்லதான் இருக்கு. உங்களோடது..." என்று சொல்லிவிட்டு இருமினார். நல்ல மரியாதையான இருமல். அன்று இரவு முழுவதும் உங்கள் தங்கை, "பொண்ணா, பேரா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்தான் என்றேன்.

சத்தியத்துக்கு ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் சாட்சி வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு பேரை எங்கே போய்ப் பிடிப்பேன், யார் காலில் விழுவேன் என்று கலங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். இருபத்தேழு பேர் கை தூக்கினார்கள் மச்சான்! மழையில், ஆறு மைல், சேற்றில் நடந்து நீதிமன்றத்துக்கு வந்தார்கள். என் அப்பா செத்தபோதுகூட இவ்வளவு கூட்டம் வரவில்லை. போகிற வழியெல்லாம் ஒரே பாட்டு. பன்னிரண்டு பேர் உள்ளே போக, "எங்களையும் கூப்பிடுங்க, எங்களுக்கும் சொல்ல நிறைய இருக்கு" என்று மிச்சப் பதினைந்து பேர் வாசல் முகப்பில் முண்டியடித்தார்கள்.

முதல் சாட்சி மீன்பிடிக்கும் கிழவர் வுல்ஃப்ரிக். நற்செய்தி நூலில் கைவைத்து, "சைமனா? நல்லாத் தெரியுமே! மார்வில் பிரபுவோட வேட்டை நாய்களுக்குக் கஞ்சி ஊத்தினவரு. நாய்க்கொட்டாய்லயேதான் படுத்துக்குவாரு. தங்கமான மனுஷன். ஒரு நாய்கூட அவரைக் கடிச்சதில்ல" என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்தது மது காய்ச்சுகிறவள் ஆகாஸ். "இவர் உயர்குலம் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று நீதிபதி கேட்டதற்கு, "எதுக்குய்யா சத்தியம்? அவரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லிப் பாருங்க, போதும்" என்றாள். என்னை நிஜமாகவே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். எழுத்தர் ஏதோ எழுதிக்கொண்டார். இன்னொருவன் என் கேடயத்தைப் பற்றிச் சொன்னான், ஒருவன் உத்தரத்தைப் பற்றிச் சொன்னான், ஒருவன் பத்து வருடத்துக்கு முன் நான் சந்தையில் வாத்துக்காகக் கட்டிப் புரண்டதைச் சொன்னான். பன்னிரண்டாவது ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் தங்கை! "இருபத்திரண்டு வருஷமா இவர்கூடக் குடும்பம் நடத்துறேன் சாமி. இவர் உடம்புல பிரபு ரத்தம் ஓடினா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்று ஒரே போடாகப் போட்டாள். நீதிபதி மேலங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் நானும் கைவைத்துச் சத்தியம் செய்தேன். என் சுருளை அங்கேயே நெருப்பில் போட்டார்கள். ஏழு முழமும் எரிய ரொம்ப நேரம் ஆயிற்று. எல்லோரும் அதில் குளிர் காய்ந்தார்கள்.

நான் வருத்தப்படவில்லை என்றால் பொய். ஒரு ஊரே சேர்ந்து நான் யாருமில்லை என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது நெஞ்சில் குத்துகிறது. ஆனால் வெளியே வந்தபோது அமீசியா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, உங்களை மாதிரி யாருப்பா இருப்பா?" என்றாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ஆகவே தங்களிடம் இரண்டு விண்ணப்பம். ஒன்று, புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் கல்யாணம். மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடுவார்கள், தாங்களே வந்து திருப்பலி நிறைவேற்றி வைக்க வேண்டும். இரண்டு, தங்களிடம் இருக்கும் அந்த நகலைக் கண்டதும் எரித்துவிடவும். உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். தங்கள் ஆசீர் எங்களுக்கு, எங்கள் வணக்கம் தங்களுக்கு, பேராலயத்துச் சமையல்காரருக்கு உங்கள் தங்கையின் விசாரிப்பு. சகல புனிதர்களும் தங்கள் மூட்டைக் காப்பார்களாக.

இப்படிக்கு, தங்கள் அன்புள்ள, எந்த மாளிகையையும் சேராத,
ஹேமோ

பின்குறிப்பு: எரிக்காதீர்கள்! மச்சான், எரிக்காதீர்கள்! கம்பளி வண்டிக்காரரின் அச்சு முறிந்து கடிதம் பத்து நாள் இங்கேயே கிடந்தது நல்லதாயிற்று. மார்வில் மாளிகையில் கடைசியாக மிச்சமிருந்த பிரபு, கல்யாணமே ஆகாத பையன், போன வாரம் செவ்வாய்க்கிழமை நெடுநாள் காய்ச்சலில் செத்துப்போனான். மன்னரின் அதிகாரி வந்து வாரிசு தேடினார். மகன் வழி இருந்தால் மகன் வழிக்கு, இல்லாவிட்டால்தான் மகள் வழிக்கு. மகன் வழி யார்? சுருள்படி சைமன் வழி. சைமன் வழி யார்? நான்! பதினோரு ஊர், இரண்டு ஆலை, ஒரு கோட்டை! இல்லை என்று நான்தான் சத்தியம் செய்துவிட்டேனே, அதனால் எல்லாம் மகள் வழிக்கு, ஃபுல்க்குக்குப் போய்விட்டது. அவர் ஆறு மாதமாக வாராவாரம் அந்த நோயாளிக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாராம். இருமினார் என்றேனே, அந்தப் பாவி! நேற்று ஆளனுப்பினார். வந்தவன், "நாய்க்காரர் வம்சத்துல பொண்ணு எடுக்கிற வழக்கம் மார்வில் வீட்டுல இல்லைன்னு பிரபு ஃபுல்க் சொல்லச் சொன்னாங்க" என்றான்.

"லிங்கன்ல என் மச்சான்கிட்ட முத்திரை போட்ட சுருள் இருக்குடா! போய்ச் சொல்லு உன் பிரபுகிட்ட!" என்று கத்திக்கொண்டே காலணியை மாட்டினேன். அமீசியா வந்து கதவை மறித்து நின்றாள். "அப்பா, கல்யாணத்தை யாரும் நிறுத்த முடியாது. எங்களுக்கு ஆயிடுச்சு" என்றாள். நான் உள்ளே நடந்து காட்டிக்கொண்டிருந்தபோது, இவளும் டுரூவும் வாசல் முகப்பில் கைபிடித்து, 'இப்போதே உன்னைக் கணவனாகக் கொள்கிறேன், இப்போதே உன்னை மனைவியாகக் கொள்கிறேன்' என்று சொல்லிக்கொண்டார்களாம். சாட்சி, உள்ளே இடம் கிடைக்காத அந்தப் பதினைந்து பேர். திருச்சபைக் கணக்கில் அது முழுக் கல்யாணம் என்று சாமியாரும் சொல்லுகிறார். ஃபுல்க் தலைகீழாக நின்றாலும் அவிழ்க்க முடியாது. "அடி சக்கை! அப்போ நீயும் மார்வில் வீட்டு மருமக, நானும் பிரபு!" என்று குதித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுருள் நிஜம்னா நானும் அவரும் ஒரே ரத்தம்பா. அப்புறம் எங்க கல்யாணம் செல்லாது" என்றாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தங்கை குனிந்து என் காலணி வாரை அவிழ்த்துவிட்டாள்; இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை. காலணியைக் கழற்ற எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மச்சான், எரித்துவிடுங்கள். ஆளிடம் கொடுக்காதீர்கள், பக்கத்தில் நின்று கடைசி எழுத்து கருகும்வரை பார்த்து எரியுங்கள். பதினோரு ஊர், இரண்டு ஆலை, ஒரு கோட்டை. எந்தப் பிரபுவும் பெண்ணுக்கு இவ்வளவு சீதனம் கொடுத்திருக்க மாட்டான்.