குதிரைக்கு அலுத்துவிடக் கூடாது

குதிரைக்கும் சலிப்புத் தட்டுமே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர், எங்கள் சீமையிலேயே குதிரைக்கார ராவுத்தர்தான். மனிதர்கள் சலித்துக்கொண்டால் அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

ரங்கூன் கடையிலிருந்து என் கல்யாணத்துக்காக நான் கண்டரமாணிக்கத்துக்கு வந்திருந்த சமயம். மாப்பிள்ளை அழைப்புக்கென்று என்னைப் பெற்ற அப்பச்சி ஒரு வெள்ளைக் குதிரை வாங்கியிருந்தார். சமையற்கட்டில் தட்டு விழுந்தால் போதும், அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். எனக்கோ குதிரை என்றாலே பயம். பெண்ணைப் பெற்றவரோ பல்லி சொன்னதற்காக ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தைத் தள்ளிவிட்டவர். நான் கீழே விழுந்தால் கல்யாணம் நின்றது என்றே அர்த்தம். ஆகவே குதிரையைப் பழக்க ராவுத்தரைக் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் நடத்திய பாடத்தை அவர் மறுநாள் நடத்த மாட்டார். இன்று சந்தையில் குடை விற்பவர்களுக்கு நடுவே நிறுத்துவார். நாளை ஊருணியில் முழங்கால் தண்ணீரில் நிறுத்தி அண்டாவைத் தட்டுவார். இன்னொரு நாள் பிள்ளையார்பட்டிப் பாதையில் வளைந்து வளைந்து போய், நாலடி பின்னால் நடக்கவைத்து, ஒரு கரும்புத் துண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். கொள்ளு தின்னும் நேரத்தில் மேளக்காரர்களைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தவர்கள் களைத்து மோர் கேட்டார்கள். குதிரை இன்னும் கேட்கத் தயாராக இருந்தது.

ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சீக்கிரம் படியாதா என்று கேட்டேன்.

"நேத்துச் சொன்னதையே இன்னைக்கும் சொன்னா நீங்களே காது குடுக்க மாட்டீக. அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

அழைப்பன்று வேட்டு வெடித்தது, தவில் அதிர்ந்தது. குதிரையோ தனக்கே கல்யாணம் என்பதுபோல நடந்தது. நான்கூட மீசையைத் தடவிக்கொண்டேன்.

வழியில் ஒரு துக்க வீடு. அதைக் கடக்கும்வரை மேளத்தை நிறுத்துவது ஊர் வழக்கம். எல்லாம் ஒரேயடியாக அடங்கியது. உலகத்துச் சத்தங்களையெல்லாம் பழக்கிய ராவுத்தர், சத்தமே இல்லாமல் இருப்பதைப் பழக்க மறந்துவிட்டார். குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. நான் பிடரியைக் கட்டிக்கொண்டேன். பெண்ணின் அப்பச்சி முகம் கறுத்தது. அந்த வீட்டு வாசலில் அதட்டவும் முடியாது.

ராவுத்தர் முன்னால் வந்து தலைப்பாகையை அவிழ்த்தார். அவரை வெறுந்தலையோடு அதுவரை யாரும் பார்த்ததில்லை. பெரிய மனிதர்கள் அத்தனை பேர் முன்னாலும், வழுக்கை வெயிலில் மினுங்க, துணியை மெல்ல அவிழ்ப்பதும் கையில் சுற்றுவதுமாக, குதிரையைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்தார். இப்படி ஒரு பாடத்தைக் குதிரை கண்டதே இல்லை. காதை முன்னால் நீட்டி, அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு, பூனைபோல அவர் பின்னாலேயே போனது. நான் மூச்சு விட்டேன்.

பெண் வீட்டில் இறங்கியதும், "எம் மேலதான் தப்பு, தம்பி. அமைதிய மறந்துட்டேன்" என்றார், தலை குனிந்து.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மாலையும் கழுத்துமாக நின்றபடியே, புழுதி படிந்த அந்தத் துணியை வாங்கி அவர் தலையில் நானே கட்டினேன். கோணலாகத்தான் வந்தது. கல்யாணம் முடியும்வரை அவர் அதைச் சரிசெய்யவே இல்லை.