மேற்குத் தாம்பரத்து நைலான் எல்லை

இந்த நாட்டுக்கு எத்தனை எல்லைச் சாவடிகள் உண்டோ, அவை எல்லாவற்றையும்விடக் கடுமையான சாவடி மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. ஒரு பச்சை நைலான் கயிறு. அதன் ஒரு முனை எங்கள் லாரி ஷெட்டின் இரும்புத் தூணில், மறுமுனை பார்டர் பாயின் கையில். அந்தக் கயிறு தரையில் விழாமல் எந்த வண்டியும் வெளியே போனதில்லை. முதலாளியின் சொந்தக் காரே ஒரு வியாழக்கிழமை இருபது நிமிடம் நின்றது. இன்ஷூரன்ஸ் நகலில் மடிப்பு சரியாக எண்ணின் மேல் விழுந்திருந்தது, அதுதான் காரணம்.

நான் அங்கே புக்கிங் கிளார்க். நடந்ததை அன்றன்றே கிழமையும் மணியும் போட்டு எழுதிவைக்கும் வழக்கம் எனக்குண்டு. இனி வருபவை அந்த டைரிகளிலிருந்து எடுத்தவை. எங்காவது மிகையாகத் தோன்றினால் அந்தக் குற்றம் பாயுடையது, என்னுடையதல்ல.

மறைமலை நகர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வண்டி உதிரிபாகங்களை ஏற்றி வங்கதேசத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. சாலை வழியாக எல்லை வரை ஆறு நாள். எல்லையில் எத்தனை நாள் என்பதை எந்த ஜோசியராலும் சொல்ல முடியாது. தாண்டிப்போய், அந்தப் பக்கத்துக் கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும்.

இதற்கான தாள்களைத் தயாரிப்பவர் பாய். ஐம்பத்தைந்து வயது, சட்டைப்பையில் நான்கு பேனா, பொழிச்சலூரிலிருந்து ஒரு மொபெட்டில் வருவார். வடக்கே பேசிச் சமாளிப்பார் என்று நம்பித்தான் முதலாளி அவரைச் சேர்த்திருந்தார். முதல் நாளே பாய் உண்மையைச் சொல்லிவிட்டார். "எங்க வீட்ல யாருக்கும் உருது தெரியாது சார். எங்க அத்தா தமிழ்லதான் திட்டுவாரு, தமிழ்லதான் அடிப்பாரு." முதலாளிக்கு விழுந்த முதல் அதிர்ச்சி அது. பிறகு எங்கள் எல்லோருக்கும் முறைவைத்து விழுந்தது.

கயிறு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஓட்டுநர் ஏழுமலை முடிச்சூர்க்காரர். அப்பா இல்லாத வீட்டில் இரண்டு தங்கைகளுக்கு மூத்தவர். பெரிய தங்கையின் கல்யாணம் சுனாமிக்கு முந்தைய ஆவணியில் நடந்தது. மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டுதான் ஏழுமலை எல்லைக்குக் கிளம்பினார். சரக்குப் பட்டியலில் எண்பத்து நான்கு பெட்டி என்று இருந்தது. கூட வைத்திருந்த இன்னொரு தாளில் நாற்பத்தெட்டு. தொழிற்சாலைக்காரர்கள் தப்பான கணக்குக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். புதுத் தாள் அனுப்பி, அதை அங்கே உள்ளவர்கள் ஒப்புக்கொள்வதற்குள் பதினேழு நாள் ஓடிவிட்டது. முகூர்த்தத்தில் பெண்ணின் கையில் பொரி போட அண்ணன் இல்லை. சித்தப்பா மகன் ஒருவனைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். பெண் பொரியைப் பார்க்கவில்லை, மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏழுமலை அந்த நேரம் லாரியின் கீழே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாராம்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை பாய்க்கு. சோறு விழுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். அடுத்த திங்கள் காலை எட்டரைக்கு நான் வந்தபோது ஷெட் வாசலில் கயிறு இருந்தது.

பாயின் வாதம் எளிமையானது. "பார்டர்ல வண்டி நிக்கறதில்ல சார். இங்கயே நின்னுடுது. அங்க போன பிறகுதான் நமக்குத் தெரியுது." ஆகவே எல்லையையே இங்கே கொண்டுவந்துவிட்டார். கயிற்றுக்கு முன்னால் மேசை, மேசைமேல் ஒரு மணி, ஒரு பூதக்கண்ணாடி. ஓட்டுநர் இறங்கிவந்து தாள்களை நீட்ட வேண்டும். பாய் அதிகாரியாக மாறி, முப்பது நாளில் கற்ற ஓர் இந்தியில் கேள்வி கேட்பார். ஓட்டுநர் அதைவிட மோசமான இந்தியில் பதில் சொல்வார். இருவருக்கும் புரியாமல் போனால் இன்னொரு முறை.

பெட்டிகளை எண்ணுவார். தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, எத்தனை நிமிடமாகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார். எல்லையில் நிற்கும் ஓட்டுநர்கள் டெலிபோன் பூத்திலிருந்து பேசும்போது, முதலாளி வாடகையைப் பற்றிக் கேட்பார், பாய் மட்டும் ஏன் நின்றது என்று கேட்பார். பதில்கள் ஒரு நோட்டில் ஏறும். மை கலைந்தது, முத்திரை பாதி விழுந்தது, எண் பலகையில் சேறு. ஒவ்வொரு காரணமும் மறுவாரமே கயிற்றடியில் ஒரு புதுச் சட்டமாகிவிடும்.

ஒரு நாள் மூன்று லாரிகள் வரிசையில் நின்று, சந்தே அடைத்துக்கொண்டது. ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா பாய், விசா வாங்கினாதான் முடிச்சூர் போவ வுடுவியா?" என்று கேட்டார். பாய் அவரிடமும் லைசென்சைக் கேட்டார். அவரிடம் இல்லை. அன்றிலிருந்து அந்த ஆட்டோ எங்கள் சந்துக்குள் வரவில்லை.

பிறகு அடுத்த ஆண்டின் ஆயுத பூஜை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சந்தனமும் குங்குமமும் அப்பிய எண் பலகையோடு போன வண்டி ஒன்றை எல்லையில் நிறுத்திக் கழுவச் சொல்லியிருந்தார்கள். நோட்டில் அது ஏறியிருந்தது. ஆகவே பூஜைக்கு முன்பே பாய் ஒரு சாக்கட்டியோடு கிளம்பி, எல்லா லாரியிலும் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்தார். பொட்டு வைக்க அனுமதிக்கப்பட்ட இடங்கள். நோன்பு மாதம், தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் ஒன்பது லாரி. பூஜை செய்ய வந்த குருக்கள் திகைத்து நின்றுவிட்டார். பிறகு பொட்டுகளை வட்டங்களுக்குள்ளேயே வைத்தார். வட்டங்கள் ஆகம விதிக்கு ஒத்தே இருக்கின்றன என்றும் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. ஏழுமலையின் சின்னத் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை முகூர்த்தம். அதற்கு மூன்று வாரம் முன்னால் கிளம்ப வேண்டிய எல்லை லோடு ஏழுமலைக்கு வந்து விழுந்தது. மறுத்தால் வண்டி வேறு கைக்குப் போய்விடும். "இந்தத் தபா நான் இல்லாட்டி அவ தாலிக்கே கழுத்த நீட்ட மாட்டேன்றா பாய்" என்றார் ஏழுமலை. பாய் பேனாவை எடுத்தார். தாள்களை ஆறு தடவை சரிபார்த்து, ஏழுமலையின் புகைப்படங்களோடு எல்லையிலிருக்கும் ஏஜென்டுக்கு முன்கூட்டியே கூரியரில் அனுப்பினார். ஓட்டுநரின் நுழைவுச் சீட்டு அந்தப் படத்தை வைத்துத்தான் போடப்படும்.

சனிக்கிழமை காலை பத்து மணி. லோடு தயார். கயிறு கட்டியிருக்கிறது. பாய் மேசையில். முந்தின நாள் லீவு போட்டிருந்த ஏழுமலை சந்து முனையில் நடந்து வந்தார்.

மொட்டை. மீசையும் இல்லை.

திருப்பதிக்குப் போயிருக்கிறார். தங்கை கல்யாணத்துக்கு எந்தத் தடங்கலும் வராமலிருக்க வேண்டிக்கொண்டு, முடியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அனுப்பிய படத்தில் சுருட்டை முடி, காதுவரை ஏறிய மீசை. வந்து நின்றதோ சந்தனம் பூசிய ஒரு முட்டை. பாயின் கையிலிருந்து கயிறு நழுவவில்லை, பூதக்கண்ணாடிதான் நழுவியது. நான் டைரியைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் இன்றும் மணி மட்டும்தான் இருக்கிறது.

"இன்னா பாய் அப்டி பாக்கற? லட்டு எட்த்தாந்துகீறேன்" என்றார் ஏழுமலை. பிறகு தானாகவே புரிந்துகொண்டு, தலையைத் தடவியபடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஏஜென்டுக்குப் போன் போட்டோம். எடுப்பாரில்லை. அங்கே துர்கா பூஜை விடுமுறை, கடை பூட்டு. புதுப் படத்தைக் கூரியரில் அனுப்பினால் எவர் கையில் சேரும் என்று தெரியாது. பாய் எழுந்தார். ஏழுமலையை மொட்டையோடு ஸ்டூடியோவுக்கு இழுத்துப்போனார். பன்னிரண்டு படங்களோடு திரும்பிவந்து, நானே ரயிலில் கொண்டுபோகிறேன் என்றார். தாம்பரத்தைத் தாண்டினால் செங்கல்பட்டு வரை மட்டுமே போயிருந்த மனிதர். நோன்பு வைத்துக்கொண்டு இரண்டு நாள் ரயிலா என்று முதலாளி கேட்டார். ரயிலிலும் சூரியன் மறையத்தானே செய்யும் என்றார் பாய். கயிற்றைத் தாமே அவிழ்த்து, சுருட்டி, என்னிடம் கொடுத்தார். லாரி போயிற்று. அதற்குமுன் அவர் பரிசோதிக்காமல் ஒரு வண்டியும் போனதில்லை.

செவ்வாய் பிற்பகல் மூன்றரைக்கு எல்லையிலிருந்து பாயின் போன் வந்தது. "சார், ரொம்ப அதிர்ச்சியா இருக்கு" என்றார். லாரிகள் கண்ணுக்கெட்டும்வரை நிற்கின்றனவாம். தார்ப்பாய்க் கயிற்றில் துணி காய்கிறதாம். ஒருவர் சக்கரத்தடியில் கீரை பயிரிட்டு அறுவடையே செய்துவிட்டாராம். "இங்க நம்ம மாதிரி கயிறுகூட இல்ல சார். ஒரு மூங்கில் கழி. அவ்ளோதான். இதுக்காகவா இத்தனை நாள் பயந்தோம்?"

பாய் ஏஜென்டைத் தேடிப் பிடித்து, புதுப் படத்தோடு நுழைவுச் சீட்டை வாங்கிவைத்திருந்தார். லாரி போய்ச் சேர்ந்த பிறகு அதுவும் வரிசையின் வாலில் நின்றது. ஆனால் முன்னால் இருந்த வண்டிகளில் பல தாள் குறைபாட்டால் ஒதுக்கப்பட, எங்கள் வண்டி நகர்ந்துகொண்டே வந்தது. ஆறாம் நாள் கழிக்கு முன்னால். அதிகாரி முத்திரையைப் பார்த்தார், பெட்டிகளை எண்ணினார், எல்லாம் பொருந்தின. கடைசியில் நுழைவுச் சீட்டின் படத்தைப் பார்க்கக்கூட இல்லை. ஏழுமலையின் தலையைப் பார்த்தார். "திருப்பதி?" என்று கேட்டு, கைகூப்பி, கழியைத் தூக்கச் சொல்லிவிட்டார். பாய்க்கு அதுதான் வாழ்நாளின் பெரிய அதிர்ச்சி. இரண்டு நாள் ரயிலில் மார்போடு அணைத்துக் கொண்டுபோன படத்தை ஒருவரும் பார்க்கவில்லையே என்று அவர் போய் அந்த அதிகாரியிடமே முறையிட, ஏழுமலை அவரைத் தூக்கி வண்டியில் போடாத குறையாக இழுத்துவந்தாராம்.

சரக்கை இறக்கிவிட்டு ஏழுமலை வரும்வரை எல்லையிலேயே காத்திருந்த பாய், திரும்பும்போது ரயிலில் வரவில்லை. தனியாக விரட்டிக்கொண்டு வருபவனுக்குப் பேச்சுத் துணை வேண்டுமென்று லாரியிலேயே ஏறிவிட்டார். அதனால் ஏழுமலைக்குத் தீபாவளி ஒரிசாவில், பாய்க்கு நோன்புப் பெருநாள் ஆந்திராவில். பெருநாள் காலை வழியில் தென்பட்ட ஒரு பள்ளிவாசல் முன் ஏழுமலை வண்டியை நிறுத்தி, தொழுகை முடியும்வரை அவருடைய செருப்பைக் காவல் காத்தாராம். பொழிச்சலூரில் பாயின் மனைவி பிரியாணியை ஆக்கிவைத்துவிட்டு எங்கள் ஆபீசுக்கே போன் செய்தார். "பெருநாளன்னைக்குக் கூட அந்தக் கயித்துலதான் தொங்குறாரா சார்?"

ஞாயிறு காலை. முடிச்சூர் மண்டபம். நெல்லூர்ப் பக்கம் மழை என்று கேள்வி. இந்தப் பெண்ணும் மேடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பொரித் தட்டு தயார். ஏழு இருபத்தைந்துக்கு, வாழைமரத்தை உரசிக்கொண்டு சேறு அப்பிய ஒரு லாரி வந்து நின்றது. ஏழுமலை குதித்து ஓடினார். மொட்டையில் மூன்று வாரத்து முடி முள்ளாக நின்றது. அவர் தங்கையின் கையில் பொரியைக் கொட்டியபோது பாதி கீழே சிந்தியது.

பாய் மேடைக்குப் போகவில்லை. லாரி ஓரமாக நின்று, எண் பலகையின் சேற்றைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வழியில் நடந்த ஒன்றை ஏழுமலை பிறகுதான் என்னிடம் சொன்னார். ஒரிசாவில் எங்கோ ஓரிடத்தில் பாய் திடீரென்று வாய் திறந்திருக்கிறார். எண்பத்து நான்கைத் திருப்பிப் போட்டு அந்த நாற்பத்தெட்டை எழுதியது நான்தான் என்று. ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. ஏழுமலை சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாராம்: "தெரியும் பாய். உன் கையெழுத்து எனுக்குத் தெரியாதா? சொன்னா நீ வேலைய வுட்டுட்டுப் பூடுவ. அதான் சொல்லல."

அன்று பந்தியிலும் எனக்குப் பக்கத்து இலை பாய்க்குத்தான். இரண்டு முறை சாம்பார், மூன்று முறை பாயசம் என்று என் டைரி சொல்கிறது.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஏனோ அந்த இரும்புத் தூணை மட்டும் பிடுங்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டும்போது இன்றைக்கும் என் ஸ்கூட்டர் மெதுவாகிவிடுகிறது. ஒரு கையால் சட்டைப்பையைத் தொட்டு, லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.