மூன்றாவது மாடி உத்தியோகம்

டிபன் பாக்ஸைத் திறந்ததும் திருநாவுக்கரசுக்குப் பசியே போய்விட்டது. தயிர்சாதத்தில் சரியாகப் பாதியைக் காணோம். யாரோ நடுவில் கோடு கிழித்து ஒரு பக்கத்தை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுபக்கத்தை மரியாதையாக விட்டுவைத்திருந்தார்கள். மாவடுவைத் தொடவில்லை.

கதவு உள்ளே தாழிட்டபடிதான் இருந்தது. மேஜையில் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்திருந்தான், அவ்வளவுதான்.

"யார்டா அது?" என்று கத்தலாம். ஆனால் கத்த முடியாது. ஏனென்றால் கணக்குப்படி அவன் அங்கே இல்லை.

ஹைதராபாத் ஏரிகளில் நுரை ஏன் பொங்குகிறது என்று ஆராய்ச்சி செய்து அவன் டாக்டர் பட்டம் வாங்கியாகிவிட்டது. பட்டம் வந்தது, உதவித்தொகை நின்றது. கல்லூரிகளில் கேட்டால், "பாடம் நடத்தின அனுபவம் இருக்கா?" என்றார்கள். கம்பெனிகளில் கேட்டால், "இவ்வளவு படிச்சவர் எங்களுக்கு எதுக்கு சார்?" என்றார்கள். கோயம்புத்தூரில் கிரைண்டர் கடை வைத்திருந்த மாமனார் மட்டும், "நுரைக்கு எவன் மாப்ளே சம்பளம் தருவான்? பேசாம நம்ம கடைக்கு வந்துருங்க" என்று போனில் விடாமல் கூப்பிட்டார்.

அந்த போன் ஸ்பீக்கரில் இருந்த ஒருநாள்தான் அவன் வாயில் சனி உட்கார்ந்தது. "எங்க இன்ஸ்டிட்யூட்லயே வேலை குடுத்துட்டாங்க மாமா" என்று சொல்லிவிட்டான். மனைவி லலிதா உடனே கேசரி கிண்டினாள். இனி எப்படிச் சொல்வது?

ஆகவே தினமும் காலையில் கொண்டாப்பூர் வீட்டிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் பாக்ஸுமாகக் கிளம்புவான். அவன் ஆராய்ச்சி செய்த துறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பழைய கருவிகளைப் போட்டுப் பூட்டிவைத்த ஓர் அறை. அதன் சாவியை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அங்கே உட்கார்ந்து மாலைவரை வேலைக்கு விண்ணப்பம் போடுவான்.

படியேறும்போது பார்ப்பவர் ஒருவர்தான்: ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஆரோக்கியமேரி. தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக ஹைதராபாத் வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் பேச்சில் ஊர் உருது கலந்துவிடும்: 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'.

"மேலயா போறீங்க? சார் வந்துட்டாரு. சத்தம் நக்கோ, ஆங்?" என்பார் தினமும்.

துறைத் தலைவர் சௌந்தரராஜனைச் சொல்கிறார் என்று திருநாவுக்கரசு பூனைபோல் ஏறுவான். தலைவரின் அறை இருப்பது முதல் மாடியில்.

அந்தத் தலைவரிடமும் வேலை கேட்டுப் பார்த்தாயிற்று. "நான் வந்தே ஒரு வருஷம்தான் ஆகுது. இருக்கிறது ஒரே ஒரு பர்மனென்ட் போஸ்ட்டுப்பா. அதுலயும் கணேஷ்குமார்னு ஒருத்தர் இருக்கார்" என்று கையை விரித்துவிட்டார்.

மீதித் தயிர்சாதத்தைத் தின்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. லலிதா.

"ஏனுங்க, சாப்புட்டீங்களா? பி.பி. இருக்குதுன்னு உப்பைக் கொறைச்சுப் போட்டேன். நல்லாயிருக்குதா?"

"பாதி காலி" என்றான். பொய் சொல்லவில்லை.

"ஆயுத பூஜைக்கு அப்பா வர்றாருங்க. உங்க ஆபீஸ் ரூமைப் பார்க்கோணுமாம். வேலை மட்டும் சும்மா பேச்சுன்னு தெரிஞ்சுதுன்னா, கையோட நம்மளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. எனக்கு உங்களைப் பத்திப் பெருமையா இருக்குதுங்க."

போனை வைத்தான். கிரைண்டர் விற்பது கேவலமில்லை. ஆனால் அந்தப் பெருமையை அவள் குரலிலிருந்து யார் எடுத்தாலும் அவனால் தாங்க முடியாது.

மடிக்கணினியில் ஒரு விண்ணப்பம் பாதியில் நின்றது. 'ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் தோன்றவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். திரையில் பதில் இருந்தது.

'இங்கேதான்.'

வெளியே மழை இருட்டு. அறையில் யாருமில்லை. முதுகில் ஏதோ ஊர்ந்தது போலிருந்தது. 'தூக்கக் கலக்கத்தில் நானே அடித்திருப்பேன்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். டாக்டர் பட்டம் வாங்கியவன் பேயை நம்பலாமா?

சாதம் விஷயம் மட்டும் பையன்களின் குறும்பு என்று முடிவுகட்டினான். பிடித்துவிடுவது என்று மறுநாள் டிபன் பாக்ஸை மேஜைமேல் திறந்துவைத்து, கதவுத் தாழையும் எடுத்துவிட்டு, மேஜைக்கு அடியில் ஒளிந்தான்.

கதவு மெல்லத் திறந்தது. வந்தது நஸ்ரின், ஆராய்ச்சி மாணவி, ஆம்பூர்க்காரி. பாவம், குடுவை தேடி வந்தவள். அந்த நேரம் பார்த்தா தூசி மூக்கில் ஏற வேண்டும்? திருநாவுக்கரசு தும்மினான். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடி அவன் கை மட்டும் மேஜைமேல் ஊர்ந்து வந்தது.

நஸ்ரின் போட்ட கூச்சலில் கீழ்மாடிப் புறாக்கள் எல்லாம் பறந்தன. அவள் குடுவையைப் போட்டுவிட்டு ஓடினாள். அசட்டுச் சிரிப்போடு திருநாவுக்கரசு வெளியே வந்தான்.

டிபன் பாக்ஸில் பாதி காலி.

அன்று மாலைக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தீஸிஸ் முடித்தும் வேலை கிடைக்காமல் போய்ச் சேர்ந்த யாரோ ஒரு சீனியர் மேலே உலாவுகிறாராம். ரொம்ப வருஷம் இழுத்தடிப்பவர்களைத்தான் பிடிப்பாராம்.

திருநாவுக்கரசுக்கு இது நல்லதாகவே பட்டது. பயந்தால் எவனும் மேலே வரமாட்டான். புரளிக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவோம் என்று அவ்வப்போது இருமினான், நாற்காலியைத் தரையில் இழுத்தான்.

ஒருநாள் ஒரே ஒருமுறைதான் இழுத்தான். சத்தம் இருமுறை கேட்டது. பழைய கட்டடம், எதிரொலிக்கும் என்று நினைத்துக்கொண்டான். எதிரொலி ஏன் முதலில் வந்தது என்பதை மட்டும் அவன் யோசிக்க விரும்பவில்லை.

எண்ணெய் ஊற்றியதில் நெருப்பு எங்கோ போய்ப் பிடித்தது. துறையிலேயே வேர்விட்டுப்போயிருந்த யோகேஷ் ஒரே வாரத்தில் தீஸிஸைச் சமர்ப்பித்துவிட்டான். அவன் பின்னாலேயே நஸ்ரின். அப்புறம் வரிசையாக ஒவ்வொருவராக. பிள்ளைகள் இப்படிப் பறப்பது ஏன் என்று பார்க்க, சௌந்தரராஜனே மாற்றுச்சாவியோடு மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டார்.

கதவைத் திறந்தவர், மாவடுவும் கையுமாக இருந்த திருநாவுக்கரசைப் பார்த்தார்.

"என்னய்யா, நீயா அந்தப் பேய்?"

திருநாவுக்கரசு அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். மாமனார், கேசரி, சாவி, தும்மல், ஒன்றையும் விடவில்லை. போலீஸைக் கூப்பிடப்போகிறார் என்று அவன் நடுங்கிக்கொண்டிருக்க, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிரமாதம்யா! நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். ஒருத்தன் நகரலை. நீ ஒரு தும்மல்ல காரியத்தை முடிச்சிட்டியே! இங்கேயே இரு. பகல்ல பசங்களுக்கு ஆராய்ச்சியில உதவி பண்ணு, சாயங்காலம் கொஞ்சம் இருமு."

"சார், போஸ்ட் இல்லைன்னீங்களே?"

"அந்த கணேஷ்குமார் மூஞ்சியை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. வீட்டுல உட்கார்ந்துட்டு காலத்தை ஓட்டறார் போல. வராத ஆளை எடுத்துட்டு உன்னைப் போட்டா யார் கேட்கப்போறா? ஆரோக்கியமேரிகிட்ட போய் ஆர்டர் டைப் பண்ணச் சொல்லு."

திருநாவுக்கரசுக்குக் கால் தரையில் பாவவில்லை. "சார், ஒரே ஒரு வேண்டுகோள். என் சாதத்துல பாதியைத் திங்கிற பையனைக் கொஞ்சம் கண்டிக்கணும்."

"எந்தப் பையன்யா? மேல வரத்தான் எவனுக்கும் தைரியம் இல்லையே!"

திருநாவுக்கரசு அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. படியில் இறங்கும்போதே லலிதாவுக்கு போன் போட்டான்.

"லலிதா, வேலை பர்மனென்ட் ஆயிருச்சு! மாமாவை வரச் சொல்லு!"

அவள் மெதுவாக, "எனக்குத் தெரியுமுங்க, உங்களால முடியும்னு" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இவனுக்கும் கண் கலங்கியது. இனிமேல் பொய் இல்லை, அதுவே போதும்.

ஆபீஸில் ஆரோக்கியமேரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவன் சொன்னதைக் கேட்டார். பிறகு, தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்:

"ஹவ் சார், ஆனா அந்த போஸ்ட்டு காலி இல்லியே! கணேஷ்குமார் சாருக்கு ஆர்டர் வந்தப்போ அவரைப் பொதைச்சு ஒரு வாரம் ஆயிருந்துச்சு, ஆனாலும் மறுநாள் காலையில கரெக்டா வந்து ஜாயின் பண்ணிட்டாரு. அன்னிலேருந்து ஒருநாள் லீவு போட்டதில்ல, இன்னிக்குக்கூட 'தயிர்சாதத்துல உப்பு கம்மி'ன்னு சொல்லிட்டுதானே மேல போனாரு!"